எடுக்கக் கூடாத போன்

எங்கள் வீட்டில் போன் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் டி.வி. கரகரக்கும். ஸ்பீக்கருக்குள் கடுகு பொரிகிற மாதிரி 'டிடிக் டிடிக்' என்று ஒரு சத்தம் வரும், திரையில் ஒரு கோடு குறுக்கே ஓடி மறையும், அதற்குப் பிறகுதான் டி.வி. பெட்டியின் மேல் பூப்போட்ட துணியில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு செல்போன் மணியடிக்கத் தொடங்கும். சத்தத்தைக் குறைத்து டி.வி.யை ஓடவிட்டபடி பட்டாசுக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் அம்மா, அந்தக் கரகரப்பைக் கேட்டதுமே பசைக் கையோடு நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு மணி, இரண்டு மணி, மிஞ்சிப் போனால் மூன்று, அதோடு நின்றுவிடும். "வந்துட்டாக" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொள்வாள். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மருந்து ரூமைவிட்டு முழுசாக வெளியே வந்துவிட்டார் என்று அர்த்தம்.

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஏழாவது, எட்டாவது படித்த அந்த இரண்டாயிரங்களின் நடுவில் அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது என்பதால், விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேனில் ஏறிப் போவார். பத்து, பத்தரைக்குள் கலவையை முடித்துவிட்டு வெளியே வந்து கைகால் கழுவி, கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரு டீ குடிப்பார். பிறகு உள்ளே போய் சாயங்காலம் வரைக்கும் ஆபத்துக் குறைந்த வேறு வேலைகளைப் பார்ப்பார். ஆபத்தெல்லாம் அந்தக் காலை நேரத்தில்தான் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. போன் வருவதற்கு முந்திய வருஷங்களில் பதினோரு மணி ஆகும்வரை அம்மா ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தூரத்தில் எங்காவது 'டும்' என்று கேட்டால் தெருவுக்கே பேச்சு நின்றுவிடும். பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று பார்ப்பார்கள். யாராவது சைக்கிளில் வந்து சொல்லும்வரை அடுப்பில் எது கருகினாலும் கேட்க ஆளிருக்காது.

அந்த அவஸ்தை பொறுக்காமல்தான் அப்பா சாத்தூரில் பழைய செட்டு ஒன்றை வாங்கிவந்தார். ஆனால் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. தீப்பெட்டி, பீடிக்கு அடுத்தபடியாக செல்போனையும் கம்பெனி கேட்டில் தடவிப் பார்த்துப் பிடுங்கிவைக்கத் தொடங்கியிருந்தார்கள். அதனால் செல்போன் வாங்கியவர் அதை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வேலைக்குப் போகும் விநோதம் எங்கள் பக்கத்தில் வெகு சாதாரணமாக நடந்தது. அப்பா டீக்கடையில் தொங்கிய 'காயின் பாக்ஸ்' போனில் இருந்து எங்களுக்கு அடிப்பார். இந்தப் பக்கம் எடுத்தால்தான் ஒரு ரூபாய் உள்ளே விழும். எடுக்காவிட்டால் காசு கைக்குத் திரும்பி வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் போனைப் பற்றி இருந்த ஒரே சட்டம், "அடிக்கும்போது எடுத்துராத" என்பதுதான். ஒரு சாமானை வாங்கிவைத்துவிட்டு அதைத் தொடாமல் இருப்பதற்குப் பழகிய குடும்பம் நாங்கள். நான் சொல்லப்போகிற அந்த நாளுக்கு முன்னால் இரண்டே முறைதான் அது மூன்று மணியைத் தாண்டி அடித்தது. இரண்டு தடவையும் அம்மா பதறிப் போய் எடுத்தாள். இரண்டு தடவையும் அப்பாவுக்கு வாயால் சொல்ல வேண்டிய விஷயம் இருந்தது.

டீக்கடை நம்பரை 'அப்பா' என்று ஆங்கில எழுத்தில் பதிந்துவைத்தவள் நான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் நம்பர் தெரியும், அதோடு சரி. ஆகவே அந்தப் போனுக்குள் இருந்த ராஜ்ஜியம் முழுவதும் என்னுடையது. ரீசார்ஜ் கார்டைச் சுரண்டி நம்பர் போடுவது நான், மெசேஜ் படிப்பது நான், 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்' என்று வந்ததைப் பயபக்தியோடு பத்துப் பேருக்கு அனுப்பி பேலன்ஸைக் காலி செய்ததும் நான். வீட்டில் பெரியவர்கள் ஒன்றைப் பற்றி என்னிடம் வந்து கேட்கும் நிலை அப்போதுதான் முதன்முதலாக ஏற்பட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

போன் வந்த பிறகு வீட்டில் ஒன்று குறைந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. முன்பெல்லாம் அப்பா சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் அம்மா அன்றைய பொழுதை முழுசாகக் கேட்டு வாங்குவாள். இன்றைக்கு எம்புட்டு மருந்து, பக்கத்தில் யார் இருந்தார்கள், போர்மேன் என்ன சொன்னார், வேனில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று எல்லாம் அதில் வரும். நான் வீட்டுப் பாடம் எழுதுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். அப்பா பேசி நான் அதிகம் கேட்டது அந்த நேரத்தில்தான். காலையிலேயே மூன்று மணிச் சத்தத்தில் சேதி வந்துவிடுகிற வீட்டில் சாயங்காலம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவர் வருவார், எண்ணெய் தடவிக் கையைத் தேய்த்துக் கழுவுவார், சாப்பிட்டுவிட்டு டி.வி. பார்ப்பார். நாங்களும் பார்த்தோம்.

எட்டாவது காலாண்டுப் பரீட்சைக்குச் சற்று முன்னால், உதவித்தொகை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அப்பா பள்ளிக்கூடம் வந்தார். தீபாவளிக்கு முந்திய சீசன், லீவு கேட்டால் கிடைக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு அப்படியே வந்துவிட்டார். முழங்கைவரை, வெறும் தண்ணீரில் கழுவினால் போகாத அலுமினியப் பவுடர், காது மடலில், புருவத்தில் எல்லாம் வெள்ளி மினுமினுப்பு. வகுப்பு வாசலில் நின்று, டீச்சரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஏ, ஒங்கப்பா எவர்சில்வர் குடம் மாதிரி மின்னுறாகடி" என்று பின் பெஞ்சில் ஒருத்தி சொன்னாள். வகுப்பே சிரித்தது. அதில் பாதிப் பேருடைய அப்பாவும் அம்மாவும் அதே மினுமினுப்போடு வீட்டுக்கு வருகிறவர்கள்தான், அவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "இனிமே ஸ்கூலுக்கு வராதீக" என்றேன். அவர் நிமிராமலே, "ஏன்த்தா?" என்று கேட்டார். "வந்தா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்" என்றேன். அவர் இன்னொரு செம்புத் தண்ணீரைக் கைமேல் ஊற்றிக்கொண்டார். பிறகு, "சரித்தா, வரல" என்றார். உள்ளே இருந்து அம்மா, "எம்புட்டுத் திமிரு பாரு அவளுக்கு, கலெக்டரு வேல பாக்கா பாரு" என்று கத்தினாள். அநியாயமாகப் பேசியது நான். ஆனாலும் அநியாயம் செய்யப்பட்டவளைப் போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அன்றிலிருந்து அப்பாவோடு பேசுவதை நிறுத்தியதும் நான்தான். அவர் காராச்சேவுப் பொட்டலம் வாங்கிவந்து என் பையில் வைத்தார், தின்றேன், பேசவில்லை. பரீட்சை எப்படி என்று அம்மாவை விட்டுக் கேட்டார். அம்மாவிடம் பதில் சொன்னேன். எட்டு நாள் இப்படிப் போயிற்று.

ஒன்பதாம் நாள் காலாண்டு விடுமுறை. அம்மா ஒட்டி முடித்த பெட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஏஜென்ட் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தனியாக டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் ஸ்பீக்கர் கரகரத்தது, கோடு ஓடியது, போன் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை. நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தது. எழுந்து போய்ப் போனைக் கையில் எடுத்தேன். சின்னத் திரையில் 'அப்பா' என்ற எழுத்து மின்னி மின்னி அணைந்தது. மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. நான் அதைக் கீழே வைப்பதற்குள் மறுபடியும் அடித்தது.

எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், எடுத்தால் ஒரு ரூபாய் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். அப்பா பேசத்தான் அடிக்கிறார், அம்மா இல்லாததால் என்னோடுதான் பேசியாக வேண்டும், 'என்னத்தா' என்று ஆரம்பிப்பார், நானும் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்றெல்லாம் தெரிந்தேதான் பச்சைப் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தேன். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டுமே என்று இருந்தது. இரண்டாவது தடவையும் முழுசாக அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. போனைத் துணிமேல் வைத்துவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

மதியம் அம்மா வந்து சோறு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சத்தம் கேட்டது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. அம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடிப் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "காலையில போனு வந்துச்சுல்ல?" என்று கேட்டாள். "வந்துச்சு" என்றேன். "அப்பச் சரி. மருந்து வேலை முடிஞ்சிருக்கும்" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவில் மற்றப் பெண்கள் ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்க, என் ஒரு சொல்லை நம்பி அவள் ஓடாமல் இருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கம்பெனி வேன் டிரைவர் வந்து, "அக்கா, அண்ணன சிவகாசிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காக, உசுருக்குப் பயமில்ல, கெளம்புங்க" என்றார். அம்மா சேலை மாற்றப் போனாள். நான் போனை எடுத்து, அதில் பதிவாகியிருந்த இரண்டு மிஸ்டு கால்களையும் அழித்தேன். அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

விபத்து மருந்து ரூமில் நடக்கவில்லை; திரி காயப்போட்டிருந்த இடத்தை ஒட்டிய அறையில் நடந்தது. அந்த அறையில் இருந்த இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. அப்பா சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். முதுகில் தீக்காயம், கால் முறிவு, இரண்டு காதிலும் இரத்தம். முதுகும் காலும் இரண்டு மாதத்தில் தேறின. காது மட்டும் திரும்பவில்லை. முதல் சில நாள் நாங்கள்தான் அவருக்குத் தெரியாமல் குசுகுசுவென்று பேசுவதாக நினைத்துக்கொண்டு, "கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன்" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இனி கேட்காது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

நினைவு தெளிந்த அன்றோ மறுநாளோ, என்னைப் பார்த்து அவர் கேட்டார்: "போனு அடிச்சேனே, நீ வீட்டுல இல்லயா?" அன்றைக்குப் போன் வந்தது என்று நான் சொல்லக் கேட்டிருந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். காது போன அப்பாவுக்கு நான் சைகையில் சொன்ன முதல் பேச்சு அதுதான். அவர் ஒப்புக்கொண்ட மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அதைப் பற்றிப் பிறகு என்னிடம் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். தன் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. "அன்னைக்கு மருந்து வேலை சீக்கிரமே முடிஞ்சு போச்சு. போறவுக போகலாம், இருக்கவுக திரி காயுற எடத்துல ஒத்தாசைக்கு நில்லுங்கன்னாரு போர்மேன். புள்ளைக்கு லீவாச்சே, வீட்டுக்குப் போவமேன்னு ரெண்டு வாட்டி போனு அடிச்சேன். ஆளில்ல. பூட்டுன வீட்டுக்குப் போயி என்ன செய்யன்னு இருந்துட்டேன். நேரம் பாத்தீகளா." வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அடுத்த ஆள் வருவார். அப்பா முதலில் இருந்து ஆரம்பிப்பார். நான் கட்டிலின் கால்மாட்டில் ஹார்லிக்ஸ் கலக்கிக்கொண்டு நிற்பேன். அந்த வார்டில் எத்தனை தடவை அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. கேட்டவர்களில் ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கம்பெனி வேலைக்குப் போனாள், அப்பா ஆடு வளர்த்தார். அம்மாவும் அவரும் தங்களுக்குள் ஒரு கைப்பாஷையை உண்டாக்கிக்கொண்டார்கள். சோறு, மழை, மாத்திரை, விருந்தாள், ரேஷன் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு அசைவு உண்டு. அம்மாவின் உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவார். நான் விடுதிக்கும் கல்லூரிக்கும் போய்விட்டேன், அந்தப் பாஷையில் எனக்குத் தெரிந்தது நாலைந்து அசைவுதான். அப்பா அதற்குப் பிறகு என் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை. கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்று அம்மா மட்டும் வந்தாள். காது கேட்காததால் கூச்சப்பட்டு வரவில்லையா, நான் அன்றைக்குச் சொன்னதற்காக வரவில்லையா என்று தெரியாது. நான் அவரிடம் நேராகச் சொல்லி அவர் காதில் விழுந்த கடைசிப் பேச்சு அதுதான் என்பது மட்டும் தெரியும்.

நேரில் போகும்போது சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். முயலாமல் இல்லை. எழுதிக் காட்டினால் அவருக்குப் படிக்கத் தெரியாது. உதட்டை மெதுவாக அசைத்துச் சொன்னால், புரியாமல் அம்மாவைப் பார்ப்பார், அம்மா "என்ன சொல்லுதா?" என்று என்னிடம் கேட்பாள். அம்மாவிடம் சொல்லி, அவள் அதைக் கையால் அவருக்குச் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரம் என் சொல்லை நம்பி உட்கார்ந்திருந்தவளின் கையால் அதைச் சொல்ல வைக்க எனக்குத் துணிவில்லை. ஒவ்வொரு தடவையும் "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

இப்போது நான் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேன். எனக்கு ஆறு வயதில் மகன் இருக்கிறான். ஊரில் அப்பா கையில் அகலமான போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடியோ காலில் வந்துவிடுவார். போனை நெருக்கிப் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரியும். என் மகனுக்கும் அவருக்கும் நடக்கும் உரையாடலைப் பார்க்கக் கண் போதாது. இவன் வரைந்த லாரியைக் காட்டுவான்; அவர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் காட்டுவார். இவன் விழுந்த பல்லைக் காட்டுவான். அவர் தன் வாயைத் திறந்து தனக்கும் அங்கே இல்லை என்று காட்டுவார். ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்குக் கேட்டாக வேண்டும் என்ற தேவையே அவர்களுக்குள் இல்லை. சில நேரம் எனக்குப் பொறாமையாக இருக்கும். என்னிடம் இருப்பது எடுத்துக் காட்டக்கூடிய பொருளாக இல்லை.

என்னோடு பேசும்போது மட்டும் அப்பா ஒரு வரிசை வைத்திருக்கிறார். இந்தப் பெண் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும்; என் உதடு அசைந்து நின்றதும் அந்த வரிசைப்படி பதில் சொல்வார். சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், மழை இல்லை, குட்டி நல்லா இருக்கு, வச்சிரவா. பெரும்பாலும் நானும் அதே வரிசையில்தான் கேட்பேன் என்பதால் அது பொருந்தியும் போகும். அந்த டீக்கடையில் காயின் பாக்ஸ் தொங்கிய இடத்தில் இப்போது சிப்ஸ் பாக்கெட் தொங்குகிறது. ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்க யாரும் மணியை எண்ணுவதில்லை. மிஸ்டு கால் கொடுப்பது என்றால் என்ன என்று என் மகனுக்கு விளக்கிச் சொல்லியும் புரியவில்லை. "எடுத்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்டான். எத்தனை மணி நேரம் பேசினாலும் ஒன்றும் ஆகாத காலம் இது.

போன ஞாயிற்றுக்கிழமை கால் வந்தபோது அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். என் மகன் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினான். இங்கே என் வீட்டிலும் வேறு யாரும் இல்லை. அந்தப் பக்கம் அப்பா, கண்ணை இடுக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தார். நான் அதுவரைக்கும் யாரிடமும், தனியாக இருக்கும்போதுகூட, வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னேன். "அப்பா, அன்னைக்கு நான் வீட்டுலதான் இருந்தேன். போன கையில வச்சுக்கிட்டு எடுக்காம இருந்துட்டேன். எடுத்திருந்தா நீங்க வீட்டுக்கு வந்திருப்பீக." சொல்லி முடிக்க முடியாமல் நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். என் உதடு அசைவது நின்றுவிட்டது என்று உறுதியானதும், தெருவுக்கே கேட்கும் குரலில் பதில் சொன்னார்.

"சாப்பிட்டேன்த்தா. நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று தலையை ஆட்டினேன்.